பதினொரு சிவப்பு அம்புகள்

அந்த வட்ட வீட்டில் அவர் பதினொரு குறை கண்டுபிடித்தார். பதினொன்றும் கண்ணால் கண்டவை, ஒன்றுகூட இட்டுக்கட்டியது இல்லை. இப்போது கேட்டாலும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். ஆனால் யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டுப் பேச்சு வந்தாலே அவர் எழுந்து போய்விடுகிறார்.

அவருக்கு ரெடிமேட் சட்டைத் தொழிற்சாலையில் வேலை. செக்கிங் பிரிவுக்குத் தலைமை, இருபத்தாறு வருடமாக. தைத்து முடித்த சட்டை அவர் மேஜைக்கு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார் என்பார்களே, அப்படிப் பார்ப்பார். ஒரு தையல் விட்டுப் போயிருந்தால், காலர் முனை ஒரு நூலளவு ஏறியிருந்தால், அந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்பு ஒட்டிய சட்டை திரும்பிப் போகும். பிரித்துத் தைக்க முடிந்தால் தைப்பார்கள், முடியாவிட்டால் கழித்த துணி மூட்டையில் சேரும். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் சார், முதுகுக்குப் பின்னால் அம்பு. ஸ்டிக்கர் சுருள் எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

வீட்டிலும் இதே கூத்துதான். அவர் மனைவி ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், இடது பக்கம் அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பார். "அந்த ஸ்டிக்கரை என் நெத்தியிலயே ஒட்டிட்டு வேலைக்குக் கிளம்புங்க" என்று அந்த அம்மாள் உள்ளே போய்விடுவார். முப்பது வருடக் குடித்தனத்தில் இருவருக்கும் அது பழகிவிட்டது.

அம்புவுக்கு ஒரே தங்கை. நாற்பத்தெட்டு வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னத் தையல் கடை வைத்திருந்தாள், கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தாள். இருபத்தைந்து வயதில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையனைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அம்பு சொன்னார்: "மூணு கேள்வி கேட்டேன், மூணுக்கும் சுத்தி வளைச்சுத்தான் பதில் வந்துச்சு. வேண்டாம் பாப்பா." அவள் கேட்கவில்லை, கட்டிக்கொண்டாள். இரண்டாவது வருடம் அந்த ஆள் ஒரு வேலையாக வெளியூர் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அம்பு அப்போது சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டத் தேவையும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு இரும்பு அலமாரி வாங்கினாலும் அண்ணனைக் கூட்டிக்கொண்டுதான் போவாள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

அப்படித்தான் ஒரு நாள் சாயங்காலம் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணரை மணி நேரம் பஸ்ல போகணும். நீ வந்து பார்த்துட்டு சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு, வாங்கிடறேன்."

"அங்க யாரு இருக்கா உனக்கு? கடை என்னாகறது?"

"கடையை இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டிட்டு அழறது? வந்து பாரேன், வித்தியாசமான வீடு."

வித்தியாசம் என்ற வார்த்தையிலேயே அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவர் தொழிலில் வித்தியாசமாக இருக்கும் சட்டையைத்தான் முதலில் தனியே எடுத்து வைப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார்கள். பஸ்ஸில் ஏறும்போது அவள் படியைத் தவறவிட்டு முழங்காலை இடித்துக்கொண்டாள். "ஆகாயத்தைப் பார்த்துட்டே நடக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று அவர் கடிந்துகொண்டார். அவள் சிரித்துச் சமாளித்தாள்.

இறங்கி நடந்தால், ஒரு வயல் வரப்பு முடிகிற இடத்தில் அந்த வீடு இருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு வீடு இல்லை, கூப்பிடு தூரத்தில் பத்துப் பதினைந்து கூரைகள் தெரிந்தன. வீடு வட்டமாக இருந்தது. கவிழ்த்து வைத்த டப்பா போல ஒரு மூலைகூட இல்லாமல். வாசலில் நின்றவர் வீட்டுக்காரர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்த பிறகு மகளோடு போய் இருக்க வீட்டை விற்கிறாராம். வெள்ளை மீசையும் பெரிய கைகளுமாக நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

உள்ளே நுழைந்ததும் அம்பு நின்றுவிட்டார். சுவரைச் சுற்றி இடுப்பு உயரத்தில் எஃகுக் கம்பி ஓடியது. கூடம், சமையலறை, படுக்கையறை, குளியலறை, எல்லா இடத்திலும் பஸ்ஸில் பிடித்துக்கொள்ள வைத்திருப்பார்களே அதே மாதிரிக் கம்பி, சுவரோடு சேர்ந்து வளைந்து வளைந்து போனது.

"இது எதுக்குங்க?"

டிரைவர் ஒரு நொடி பாப்பாவைப் பார்த்தார். பிறகு, "நாப்பது வருஷம் பஸ்ஸு ஓட்டினவன் சார். கம்பி இல்லாத இடத்துல நின்னா தலை சுத்தும்" என்றார்.

அம்பு சட்டைப் பையிலிருந்து சுருளை எடுத்தார். கம்பியில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினார். அவரே கவனிக்காமல் கை செய்த காரியம் அது.

அதன் பிறகு கை ஓயவே இல்லை. கட்டில், மேஜை, அலமாரி எல்லாவற்றையும் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஒன்றையும் ஒரு அங்குலம் நகர்த்த முடியவில்லை. அறைகளுக்குக் கதவே இல்லை, துணித் திரைதான். தரை வழவழப்பாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு முழம் மட்டும் சொரசொரப்பான கல். மட்டமாகப் போடத் தெரியாத கொத்தனார் என்று நினைத்து அங்கே ஒன்று ஒட்டினார். சமையலறையில் பல்பு மாட்டுகிற இடமே இல்லை. குளியலறையில் கண்ணாடி இல்லை. பின்வாசலிலிருந்து கிணற்றுக்கு ஒரு கயிறு கட்டியிருந்தது, அதில் சாண் சாணாக முடிச்சு. கிணற்றுக்கு மேலே கம்பி வலை போட்டுப் பூட்டு.

"கிணத்துல யாராவது விழுந்தாங்களா?"

"சே சே, இல்ல சார். பூனைத் தொல்லை."

"பூனைக்கு இவ்வளவு பெரிய பூட்டா?"

டிரைவர் மறுபடி பாப்பாவைப் பார்த்தார்.  கூடத்தில் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கியது, இழுத்தால் தோட்டத்தில் மணி அடித்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு, "பெல் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நகரவே தோணும்" என்றார். பாப்பா வாய்விட்டுச் சிரித்தாள். டிரைவரும் சிரித்தார். அம்பு சிரிக்கவில்லை. இருவரும் சேர்ந்து எதையோ பூசி மெழுகுகிறார்கள் என்பது அவருக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. அது உண்மையும்கூட.

ஒன்றை அவர் பார்க்காமலும் இல்லை. பஸ் படியில் தடுமாறிய தங்கை அந்த வீட்டுக்குள் விறுவிறுவென்று நடந்தாள். ஒரு கை கம்பிமேல் லேசாக ஓட, பேசிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. பல வருடமாக அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவர் பார்த்ததில்லை. பார்த்தார், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. நன்றாக இருப்பதைக் காட்ட அவரிடம் ஸ்டிக்கர் கிடையாது.

கிளம்பும்போது வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன் அண்ணா. எனக்காக."

"பஸ்ல பேசிக்கலாம் வா."

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் அவர்தான் பேசினார். பதினொன்றையும் வரிசையாகச் சொன்னார். விலை ஏன் இவ்வளவு குறைவு, ஏன் இத்தனை நாள் விற்காமல் கிடக்கிறது, நகர்த்த முடியாத கட்டிலை எந்தப் புத்தியுள்ளவன் செய்வான் என்று அடுக்கினார். அவள் மடியில் கைவைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணுகூட நல்லதா தோணலையா அண்ணா?"

"காத்து நல்லா வருது" என்றார். பிறகு, அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம், ஆனால் சொன்னார். "வீட்டை விடு. அந்த ஆளைப் பாரு. கேட்ட கேள்விக்கு ஒண்ணுக்காவது நேரா பதில் சொன்னானா? இந்த மாதிரி சுத்தி வளைச்சுப் பேசினவன் ஒருத்தனை நாம ஏற்கெனவே பார்த்தாச்சு பாப்பா."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, "சரிண்ணா, வேண்டாம்" என்றாள். அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. தங்கை மோசம் போகாமல் தப்பித்தாள் என்ற நிம்மதி பாதி, இரண்டு தெரு தள்ளியே இருப்பாள் என்ற நிம்மதி பாதி. இந்த இரண்டாவது பாதியை அவர் வெகுநாள் கழித்துத்தான் தனக்குள் ஒப்புக்கொண்டார்.

வருடா வருடம் அவருடைய பிறந்தநாளுக்குப் பாப்பா ஒரு சட்டை தைத்துக் கொடுப்பாள். அந்த வருடமும் கொடுத்தாள். விரித்துப் பார்த்தார். பக்கவாட்டுத் தையல் அக்குளில் நேராகத் தொடங்கி இடுப்புக்கு வரும்போது ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. நகைச்சுவையாக இருக்கட்டும் என்று ஒரு சிவப்பு அம்பை ஒட்டி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எங்க பாப்பா பார்த்தே? டிவியப் பார்த்துட்டே தைச்சியா?"

"கண்டுபிடிச்சிட்டியா? கொடு, பிரிச்சுத் தைச்சுத் தரேன்" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அந்தச் சட்டை திரும்பி வரவேயில்லை. அவரும் மறந்துபோனார்.

நாலு மாதம் ஆகியிருக்கும். பஸ் நிலையத்தில் யாரோ பின்னாலிருந்து "சார், சார்" என்று கூப்பிட்டார்கள். வெள்ளை மீசை, பெரிய கைகள், அந்த டிரைவர்தான். வீட்டை வேறு யாருக்கோ விற்றுவிட்டாராம், மகள் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியாம். நலம் விசாரித்துவிட்டு, "தங்கச்சிக்குப் பார்வை எப்படி சார் இருக்கு இப்போ?" என்றார்.

"எந்தப் பார்வை?"

டிரைவரின் முகம் மாறியது. "உங்ககிட்ட அவங்க இன்னும் சொல்லலையா? ஐயையோ, நான் உளறிட்டேனே."

பிறகு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து சொன்னார். "என் வீட்டுக்காரிக்குக் கல்யாணமான ஆறாவது வருஷம் ரெண்டு கண்ணும் போயிடுச்சு சார். அவளுக்காகக் கட்டினது அது. மூலை இருந்தா இடிச்சுக்குவா, அதனால மூலையே வைக்கல. பாதி திறந்த கதவுல நெத்தியை உடைச்சுக்கிட்டா, அதனால கதவு வைக்கல. சமையல் ரூம் அவ ராஜ்ஜியம், அவளுக்கு எதுக்கு சார் பல்பு? உங்க தங்கச்சி முதல் தடவை தனியா வந்தாங்க. கம்பியைப் பிடிச்சுட்டு ஒரு சுத்து வந்தாங்க, கடைசில கண்ணை மூடிட்டு இன்னொரு சுத்து வந்தாங்க. அப்படியே உட்கார்ந்து அழுதுட்டாங்க. அண்ணன் வந்தா எதுக்குக் கட்டினதுன்னு மட்டும் சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க. நமக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. பெல்லு, பூனைன்னு வாய்க்கு வந்ததை உளறினேன்."

அம்புவுக்கு அறை வாசலில் இருந்த சொரசொரப்பான கல் நினைவுக்கு வந்தது. வெறுங்காலில் அதை மிதித்தவுடன் அறை மாறுகிறது என்று தெரியும். அதிலும் ஒரு அம்பை ஒட்டியிருந்தார்.

நேராகக் கடைக்குப் போனார். பாப்பா மெஷினில் உட்கார்ந்து ஒரு தலையணை உறைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கவாட்டில் போய் நின்றார். அவள் திரும்பவில்லை. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, அவள் விரல் துணியின் ஓரத்தைத் தடவித் தடவி ஊசிக்குக் கொடுப்பதைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே பழைய காயத் தழும்புகளும் புதிய கன்றல்களுமாக இருந்தன. இருபத்தாறு வருடம் குறை பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியாமல் போனது என்று அவருக்கு விளங்கவில்லை.

"பாப்பா."

தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். மெஷினை நிறுத்தினாள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா. ஓரத்துலேர்ந்து சுருங்கிட்டே வருது. நேரா இருக்கறது தெரியும், பக்கத்துல இருக்கறது தெரியாது. இன்னும் நாலஞ்சு வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்றார். சரி பண்ண முடியாதாம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என் மேலயும் ஒண்ணு ஒட்டியிருப்பே" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை விட்டாள். "ஒட்டின சட்டை எங்க போகும்னு எனக்குத் தெரியாதா அண்ணா? உன் வீட்டுப் பின்ரூம்ல உக்கார வெப்பே. அண்ணி தட்டைக் கையில கொடுப்பாங்க. எழுந்தா ரெண்டு பேரும் பதறுவீங்க. பாசம்தான், நான் இல்லேங்கல. ஆனா கண்ணு இருக்கறப்பவே ஒரு இடத்தைப் பழகிட்டா, போனப்புறம் நானே பார்த்துக்கலாம்னு நினைச்சேன்."

"அப்போ நான் சொன்னதை மீறி வாங்கியிருக்க வேண்டியதுதானே!" குரல் உயர்ந்துவிட்டது.

பாப்பா நூல்கண்டை எடுத்து அதன் பெட்டியில் வைத்தாள். "ஒரு தடவை மீறினேன்ல" என்றாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனார். காலில் விழுந்தாவது திரும்ப வாங்கிவிடுவது என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு போனார். வாங்கியவர்கள் ஒரு இளம் ஜோடி, விடுமுறைக்கு வந்து தங்குவதற்காக வாங்கியிருந்தார்கள். மரியாதையாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கொடுக்கிற எண்ணம் இல்லை என்றும் மரியாதையாகவே சொன்னார்கள். கூடத்துக்கு நடுவே புதிதாக நேர்ச்சுவர் எழும்பியிருந்தது. தரை முழுக்க ஒரே வழவழப்பு. அறைகளுக்குக் கதவு வந்திருந்தது.

"கம்பியெல்லாம்?"

"இடைஞ்சலா இருந்துச்சு சார், அறுத்துட்டோம். பின்னாடி கெடக்கு. இரும்புக்கடைக்காரன் இன்னும் வரல."

கொல்லையில் குவிந்து கிடந்தது. மேலாகக் கிடந்த ஒரு துண்டின் அடிப்பக்கத்தில் சிவப்பாக என்னவோ தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார், தன்னுடைய முதல் அம்பு. மழையில் சாயம் கொஞ்சம் வெளுத்திருந்தது, பசை விடவில்லை. அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு சரக்கு ஆட்டோ பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார்.

பாப்பாவின் கடைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது. அதில் மாட்டச் சொல்லி வெல்டிங்காரரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் கம்பியைச் சுவரில் சாய்த்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இது வளைஞ்ச கம்பி சார். உங்க சுவரு நேரா இருக்கு. நடுவுல மட்டும் ஒட்டும், ரெண்டு முனையும் தள்ளி நிக்கும். நேராக்கினா ஒடுங்கிப் போயிடும். புதுசா ஒரு பைப்பு வாங்கிடுங்களேன்?"

"இதையே மாட்டுங்க."

வெல்டிங்காரர் ஏன் என்று கேட்கவில்லை. முனைகளுக்கு நீளமாக இரண்டு கட்டை கொடுத்து ஒருவழியாக நிறுத்திவிட்டுப் போனார். இரண்டு முனையும் நடைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது கம்பி. போகிறவர் வருகிறவர் யாராக இருந்தாலும் அதன் முனையில் இடித்துக்கொள்ளாமல் போக முடியாது. அவர் கண்ணுக்கு அது தெரியாமல் இல்லை.

பாப்பா வந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் கை வைத்தாள். நாலு அடி நடந்தாள், கம்பி முடிந்தது, கை காற்றில் நின்றது. திரும்பி வந்தாள். வரும் வழியில் விரல் ஒரு இடத்தில் தட்டுப்பட்டு நின்றது. கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவினாள்.

"அம்பா அண்ணா?"

"ஆமா."

"இதுக்கு என்ன குறைன்னு ஒட்டினே?"

 செக்கிங் மேஜையில் அம்பு ஒட்டினால் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும், எழுதாமல் அவர் ஒன்றைக்கூட அனுப்பியதில்லை.

"சரியா இருந்துச்சு பாப்பா" என்றார். "எல்லாம் சரியா இருந்துச்சு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கம்பியை விடவும் இல்லை. "அன்னைக்கு இந்த ஒரு வார்த்தைக்குத்தானே உன்னைக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள்.